வில்லியம் சிம்ஸும் அமெரிக்கக் கடற்படைச் சீர்திருத்தமும் (1900–1922)

முன்னுரை

1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கக் கடற்படை இரண்டு பெரிய வெற்றிகளைப் பெற்றது. மே மாதம் மணிலா விரிகுடாவிலும், ஜூலையில் கியூபாவின் சாந்தியாகோ துறைமுகத்துக்கு வெளியிலும் ஸ்பானியக் கப்பல்கள் அடியோடு அழிந்தன. நாடு கொண்டாடி முடித்த பிறகு, அழிந்த கப்பல்களில் விழுந்த ஓட்டைகளைச் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். சாந்தியாகோவில் அமெரிக்கர்கள் சுட்டவை சுமார் 9,400 குண்டுகள். இலக்கில் பட்டவை 120 சொச்சம். நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறவில்லை. மணிலாவில் ஏறக்குறைய 5,900 குண்டுகளுக்கு 140 சொச்சம் பட்டன. எதிரி இதைவிட மோசமாகச் சுட்டதால்தான் வெற்றி கைக்கு வந்தது.

இந்த நிலை ஆறேழு ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. அந்த மாற்றத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கும் பெயர் வில்லியம் சோடன் சிம்ஸ் (1858–1936). பீரங்கிப் பயிற்சி, போர்க்கப்பல் வடிவமைப்பு, நாசகாரிக் கப்பல்களின் போர்முறை, முதல் உலகப்போரின் கான்வாய் ஏற்பாடு, கடற்படைத் தலைமையகத்தின் நிர்வாகம் என ஐந்து களங்களில் அவர் போராடினார். சிலவற்றில் முழு வெற்றி கிடைத்தது, சிலவற்றில் பாதி, கடைசியானதில் தோல்வி. ஒரே மனிதர், ஒரே பிடிவாதம், ஒரே எழுத்துநடை இருந்தும் விளைவுகள் ஏன் இப்படி வேறுபட்டன என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. யாரும் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய சான்று கையிலிருந்து, அந்தச் சான்றின் பேரில் முடிவெடுக்க வல்லவரும் கிடைத்த இடங்களில் சிம்ஸ் வென்றார். இவற்றில் ஒன்று குறைந்தபோது அவருடைய வாதம் தனிப்பட்ட சண்டையாகச் சுருங்கியது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

சான்றுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. சிம்ஸின் வாழ்க்கையை விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் எல்டிங் மாரிசன் அவருடைய மருமகன். போர்க்காலத்தைப் பற்றி அதிகம் படிக்கப்படும் நூல் சிம்ஸே பர்ட்டன் ஹென்ட்ரிக்குடன் சேர்ந்து எழுதியது. எனவே நமக்குக் கிடைக்கும் சித்திரத்தில் அவர் தரப்பு நியாயம் ஓங்கித் தெரிவது இயல்பு. எதிர்த்தரப்பின் வாதங்களையும் உரிய இடத்தில் எடைபோட வேண்டியிருக்கிறது.

அறிக்கை எழுதும் அதிகாரி

சிம்ஸ் பிறந்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள போர்ட் ஹோப் என்ற ஊரில். தந்தை அமெரிக்கப் பொறியாளர். தாய் கனடாவைச் சேர்ந்தவர். குடும்பம் பின்னர் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1880இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறி வெளிவந்தார். அது அமெரிக்கக் கடற்படை தூங்கிக்கொண்டிருந்த காலம். உள்நாட்டுப் போருக்குப் பின் கைவிடப்பட்ட பழைய மரக்கப்பல்கள், ஆமைவேகப் பதவி உயர்வு, பாய்மரக் காலத்துப் பழக்கங்கள் ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு இளம் அதிகாரி காலந்தள்ள வேண்டியிருந்தது. சிம்ஸ் ஓராண்டு விடுப்பெடுத்துப் பாரிசுக்குப் போய்ப் பிரெஞ்சு மொழி கற்றார். அந்தப் பிரெஞ்சே பின்னாளில் அவரைத் தூதரகப் பணிக்குக் கொண்டு சேர்த்தது.

1894–95இல் சீனாவும் ஜப்பானும் போரிட்டபோது அவர் கிழக்காசியக் கடலில் இருந்தார். துறைமுகத்தில் கண்ட அயல்நாட்டுக் கப்பல் ஒவ்வொன்றின் கவசம், பீரங்கி, சேதம் பற்றியும் விரிவாக எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1897 முதல் 1900 வரை பாரிசிலும் ரஷ்யத் தலைநகரிலும் கடற்படைத் தூதுவ அதிகாரியாக இருந்தபோது இப்பழக்கம் தொழிலாகவே ஆகிவிட்டது. அன்று கடற்படைத் துறையின் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அறிக்கைகளைப் படித்துப் பாராட்டியிருந்தார். இந்தப் பழைய அறிமுகத்தின் பயன் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

ஹாங்காங்கில் கண்ட முறை

1900இன் இறுதியில் சிம்ஸ் புத்தம்புதிய போர்க்கப்பலான கென்டக்கியில் சேர்ந்து கிழக்காசியக் கடலுக்குப் போனார். ஐரோப்பியக் கப்பல்களை அணுவணுவாக ஆராய்ந்திருந்த கண்ணுக்கு அந்தக் கப்பலின் குறைகள் உடனே பட்டன. 13 அங்குலப் பீரங்கிகளின் கோபுரத்தின் மேலேயே 8 அங்குலப் பீரங்கிகளின் கோபுரம் பொருத்தப்பட்டிருந்தது. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். பீரங்கி வாய்க்கான திறப்புகள் தேவைக்கு மேல் அகலமாக இருந்தன. கோபுரத்திலிருந்து அடித்தட்டில் வெடிமருந்து கையாளும் அறைவரை தடுப்பில்லாத ஒரே சுரங்கம் இறங்கியது. மேலே விழும் ஒரு தீப்பொறி நேரே மருந்தருகே போய்ச் சேரலாம்.

1901இல் ஹாங்காங்கில் அவர் பிரிட்டிஷ் கேப்டன் பெர்சி ஸ்காட்டைச் சந்தித்தார். அன்றைய சுடும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் ஸ்காட் செய்தது விளங்கும். கடலில் கப்பல் இடைவிடாமல் உருளும். பீரங்கிக்காரர் தூரத்துக்கேற்பப் பீரங்கியை ஓர் உயரத்தில் நிறுத்திவிட்டு, உருளலின் போக்கில் குறிகாட்டி இலக்கைக் கடக்கும் கணத்துக்காகக் காத்திருப்பார். அந்தக் கணம் வந்ததும் விசையை இழுப்பார். கண் பார்த்துக் கை இழுப்பதற்குள் கப்பல் மேலும் சரிந்திருக்கும். ஆக, எத்தனை முறை சுடலாம் என்பதைக் கடல் தீர்மானித்தது. படுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

1898இல் மத்தியதரைக் கடலில் சில்லா என்ற குரூசரின் தலைவராக இருந்த ஸ்காட், தம் ஆட்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட நன்றாகச் சுடுவதைக் கவனித்தார். அந்த மனிதர் தம்மை அறியாமலேயே, கப்பல் உருளுவதற்கேற்பப் பீரங்கியின் உயர்த்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றி, குறியை இலக்கிலேயே வைத்திருக்க முயன்றார். ஒருவர் செய்வதை எல்லோரும் செய்ய முடியும் என்று ஸ்காட் முடிவு செய்தார். சக்கரம் எளிதாகச் சுழலும்படி பற்சக்கர விகிதத்தை மாற்றினார். சுடும்போது பீரங்கி பின்னோக்கி உதைத்தாலும் பார்ப்பவரின் கண்ணில் மோதாதபடி, தொலைநோக்கிக் குறிகாட்டியை உதைபடாத உறைப்பகுதிக்கு மாற்றினார். மேலும் கீழும் அசையும் சிறு இலக்கைப் பீரங்கி முன் வைத்து நாள்தோறும் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு சில்லா சுட்ட 70 குண்டுகளில் 56 இலக்கில் பட்டன. ஸ்காட் அடுத்துத் தலைமையேற்ற டெரிபிள் கப்பலிலும் இதே கதைதான்.

இந்த முறையில் புதிதாகக் கண்டுபிடித்த கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. உயர்த்துச் சக்கரம், தொலைநோக்கி, பீரங்கி மூன்றும் எல்லாக் கடற்படையிடமும் இருந்தன. அவற்றை இணைத்த விதமே புதியது. சிம்ஸ் அதைத் தம் படைப்பிரிவில் செய்து பார்த்தார், பலன் தெரிந்தது, பிறகு எழுதத் தொடங்கினார்.

வாஷிங்டனின் மறுமொழி

இரண்டு ஆண்டுகளில் இந்தப் பொருள் குறித்து மட்டும் 13 அதிகாரபூர்வ அறிக்கைகள் போயின. ஸ்காட்டின் கப்பல்களின் எண்ணிக்கையையும் அமெரிக்கக் கப்பல்களின் எண்ணிக்கையையும் அவை அருகருகே வைத்துக் காட்டின. முதலில் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பதிலே வராததைக் கண்ட சிம்ஸ் இரண்டு காரியம் செய்தார்: எழுத்தின் தொனியைக் கடுமையாக்கினார், அறிக்கைகளின் பிரதிகளைப் படையிலுள்ள மற்ற அதிகாரிகளுக்கும் அனுப்பினார். இனித் துறை வாய்மூடி இருக்க முடியாது.

ஆயுதத் துறைப் பீரோவின் பதில் மூன்று படிகளில் வந்தது. அமெரிக்கக் கருவிகள் பிரிட்டிஷ் கருவிகளுக்குக் குறைந்தவையல்ல. எனவே குறை ஆட்களிடம்தான். ஆட்களைப் பழக்குவது கப்பல் அதிகாரிகளின் பொறுப்பு. கடைசியாக, குறியை விடாமல் இலக்கில் நிறுத்துவது மனிதரால் ஆகாத காரியம் என்று சோதனை நடத்தி நிறுவியும் காட்டினார்கள்.

அந்தச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. வாஷிங்டன் கப்பல்தளத்தில் தரைமீது ஒரு 6 அங்குலப் பீரங்கியை நிறுத்தினார்கள். பத்து வினாடியில் ஐந்து பாகை உருளும் கப்பலில் பீரங்கியை எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்குமோ அந்த வேகத்தில் அதை ஏற்றி இறக்கப் பார்த்தார்கள். ஐந்து பேர் சேர்ந்தும் முடியவில்லை. கணக்கில் பிழையில்லை, களத்தில்தான் பிழை. அசையாத தரையில் பீரங்கியின் முழுப் பாரத்தையும் ஆட்களே அசைக்க வேண்டும். உருளும் கப்பலிலோ, பீரங்கியின் சடத்துவமே அது இருந்த நிலையில் இருக்கப் பார்க்கும். கப்பல்தான் அதைச் சுற்றி அசைகிறது. சக்கரம் பிடிப்பவர் அந்தப் போக்குக்கு ஒத்தாசை செய்தால் போதும். கடலில் நடப்பதைத் தரையில் சோதித்த அதிகாரிகள், கடலில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை நடக்க முடியாதது என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்.

இதை வெறும் முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் போதாது. அமெரிக்கக் கடற்படை அன்று 1842இல் உருவான பீரோ முறையில் இயங்கியது. கப்பல் கட்டுமானம், ஆயுதம், எந்திரம் என்று எட்டுப் பீரோக்கள். ஒவ்வொன்றின் தலைவரும் நேரே கடற்படைச் செயலருக்குக் கட்டுப்பட்டவர். கப்பலில் இருப்பவரின் குறையைக் கேட்டு, பீரோவின் வேலையை மறுபரிசீலனை செய்ய இடையில் ஒரு அமைப்பு கிடையாது. அந்தப் பீரங்கிகளை வடிவமைத்த பீரோவே புகாரையும் விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி என்ற இந்த ஏற்பாட்டைத்தான் சிம்ஸ் பின்னாளில் தம் முதல் எதிரியாகக் கருதினார்.

வழக்கமான பாதை அடைபட்டதும் அவர் 1901 நவம்பர் 16 அன்று நேரே குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மெக்கின்லி கொலையுண்டதால் இரண்டு மாதங்களுக்கு முன்தான் ரூஸ்வெல்ட் அப்பதவிக்கு வந்திருந்தார். 43 வயது லெப்டினன்ட் ஒருவர் மேலதிகாரிகள் அத்தனை பேரையும் தாண்டி இப்படி எழுதுவது படை ஒழுங்குக்கு அப்பட்டமான மீறல். ரூஸ்வெல்ட் அவரைக் கண்டிக்கவில்லை. தொடர்ந்து எழுதும்படி ஊக்கப்படுத்தினார். 1902இல் குறிப்பயிற்சி ஆய்வாளர் பதவியில் வாஷிங்டனில் அமர்த்தினார்.

எண்ணிக்கையின் வெற்றி

அந்தப் பதவியில் சிம்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பீரங்கிகளைத் திருத்தினார், ஆட்களைப் பழக்கினார் என்பதோடு கதை முடிவதில்லை. அவர் கொண்டுவந்த பெரிய மாற்றம், கப்பலுக்குக் கப்பல் போட்டி. எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே அளவுத் திரை, ஒரே நேரக்கெடு. சுட்டு முடித்ததும் திரையில் விழுந்த துளைகளை எண்ணிக் கணக்கெழுத வேண்டும். எந்தக் கப்பல் முதல், எது கடைசி என்பது படை முழுவதற்கும் தெரியும். தன் கப்பல் பட்டியலின் அடியில் கிடப்பதை எந்தக் கேப்டனும் விரும்பமாட்டார். சிம்ஸின் முறையை நம்பாதவர்கள்கூட அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள்.

பலனை அளக்க ஒரு ஒப்பீடு போதும். 1899இல் வட அட்லாண்டிக் அணியைச் சேர்ந்த ஐந்து கப்பல்கள், 1,600 கெஜத் தூரத்தில் நின்ற ஒரு பழைய விளக்குக் கப்பலை ஆளுக்கு ஐந்து நிமிடம் சுட்டன. மொத்தம் 25 நிமிடம் முழங்கியும் அதன் பாயில் இரண்டு குண்டுகள்தான் பட்டன. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே தூரத்தில், 75 அடி நீளமும் 25 அடி உயரமும் கொண்ட திரையில் ஒரே பீரங்கிக்காரர் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைப் பதித்தார். அவற்றில் பாதி, நடுவிலிருந்த 50 அங்குலச் சதுரத்துக்குள் விழுந்தன.

இதன் பிறகு வாதத்துக்கு இடமில்லை. தரையில் நடந்த சோதனையை யாரும் மேற்கோள் காட்டவில்லை. சிம்ஸின் ஐந்து போராட்டங்களில் முழுமையான வெற்றி இதுதான். துளையை எண்ண எண்கணிதம் போதும். எண்ணியதைக் கட்டளையாக்க வெள்ளை மாளிகை இருந்தது.

வடிவமைப்புச் சண்டை

கப்பல் வடிவமைப்பில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. கோபுரச் சுரங்கம் பற்றிய எச்சரிக்கைக்கு 1904 ஏப்ரல் 13 அன்று கொடூரமான சான்று கிடைத்தது. புளோரிடா கரையருகே பயிற்சியில் இருந்த மிசூரி போர்க்கப்பலின் கோபுரத்தில் மருந்து பற்றிக்கொண்டது. தீ கீழே கையாளும் அறைக்கும் பரவியது. 36 பேர் மாண்டனர். மருந்தறையில் நீரைப் பாய்ச்சியதால் கப்பல் தப்பியது. அதன் பிறகே சுரங்கத்தில் தடுப்புகள் வைக்கும் வேலை மும்முரமாயிற்று.

அடுத்த விவாதம் இன்னும் பெரியது. 1905 மே மாதம் சூஷிமா நீரிணையில் ஜப்பானியர் ரஷ்யக் கடற்படையை நிர்மூலமாக்கினர். உலகப்புகழ் பெற்ற கடற்போர்ச் சிந்தனையாளர் ஆல்ஃபிரெட் மஹன் 1906இல் அந்தப் போரை ஆராய்ந்து ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். பெரிய பீரங்கிகளோடு பல நடுத்தரப் பீரங்கிகளும் கலந்திருக்கும் மிதமான அளவுக் கப்பல்களே நல்லவை என்பது அவர் முடிவு. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டன் பத்து 12 அங்குலப் பீரங்கிகள் கொண்ட டிரெட்நாட்டை நீரில் இறக்கியிருந்தது.

மஹனுக்குச் சிம்ஸ் எழுதிய மறுப்பு அவ்வாண்டு டிசம்பரில் அதே ஆய்விதழில் வெளிவந்தது. தூரத்திலிருந்து சுடும்போது, குண்டு விழுந்து எழும் நீர்த்தூணைப் பார்த்தே அடுத்த குறியைத் திருத்துகிறோம். பலவகைப் பீரங்கிகள் ஒரே நேரத்தில் சுட்டால் எந்த நீர்த்தூண் எதனுடையது என்று பிரித்தறிய முடியாது. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் திருத்துவது எளிது. தொலைவிலேயே எதிரியை வீழ்த்தலாம். பீரங்கித் தளத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கே தோன்றும் வாதம் இது. நூலகத்தில் வரலாற்றைக் கரைத்துக் குடித்த மஹனிடம் இதற்குச் சரியான விடை இல்லை. ரூஸ்வெல்ட் சிம்ஸின் பக்கம் சாய்ந்தார். அமெரிக்காவும் பெரும்பீரங்கிக் கப்பல்களைத் தொடர்ந்து கட்டியது. ஆனால் அத்தகைய முதல் இரு கப்பல்களான சவுத் கரோலினா, மிச்சிகன் இரண்டுக்கும் 1905 மார்ச்சிலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்பதை மறக்கக்கூடாது. ஏற்கெனவே வீசிய காற்றுக்குச் சிம்ஸ் வலுச்சேர்த்தார் என்று சொல்வதே பொருந்தும்.

1908 ஜனவரியில் ஹென்றி ராய்டர்டால் என்ற ஓவியர் மெக்ளூர்ஸ் இதழில் போர்க்கப்பல் குறைகளை அம்பலப்படுத்தினார். தகவல்களின் ஊற்று சிம்ஸ் என்பது ஊரறிந்த இரகசியம். செனட் விசாரணையும் நியூபோர்ட் மாநாடும் நடந்தன, சிறு திருத்தங்கள் கிடைத்தன, பீரோக்கள் அசையவில்லை. கவசம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் திரையில் துளை எண்ணித் தீர்க்க முடியாது. இரு தரப்பிலும் நிபுணர்கள் இருந்தார்கள்.

நாசகாரி அணியில்

1909 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியை விட்டு இறங்கும் முன், கமாண்டர் தரத்திலேயே இருந்த சிம்ஸுக்கு மினசோட்டா போர்க்கப்பலின் தலைமையைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு லண்டன் கில்ட்ஹாலில் பேசிய சிம்ஸ், பிரிட்டிஷ் பேரரசுக்கு ஆபத்து வந்தால் அமெரிக்கர்கள் பணத்தையும் இரத்தத்தையும் கொடுத்துத் துணைநிற்பார்கள் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டார். ஜெர்மனி முகம் சுளித்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். காப்பவர் இல்லாத காலம் தொடங்கிவிட்டது.

கடற்படைப் போர்க் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்த பின், 1913இல் அட்லாண்டிக் நாசகாரி அணியின் தலைமைக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையில் மனம் மாறிய கட்டம் இது. அதுவரை தாமே சான்று திரட்டித் தாமே வாதிட்டவர், இங்கே கேப்டன்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, பதவி வேறுபாடு பாராமல் விவாதிக்க விட்டார். இரவுத் தாக்குதலை எப்படி நடத்துவது என்பதை முதலில் பலகையில் ஆடிப் பார்த்து, பிறகு கடலில் சோதித்து, எல்லோரும் ஒப்புக்கொண்டதைப் பொதுக்கோட்பாடாக எழுதிவைத்தனர். இதனால் களத்தில் நீண்ட ஆணைகள் தேவைப்படவில்லை. சுருக்கமான ஒரு வானொலிச் செய்தி போதும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையை நடத்திய எர்னஸ்ட் கிங், வில்லியம் ஹால்சி இருவரும் இந்த அணியில் பணியாற்றியவர்கள்.

லண்டன், 1917

1917 மார்ச் 31 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணிகள் கப்பலில் டேவிட்சன் என்ற பெயரில் ஒருவர் ஏறினார். சாதாரண உடையில் இருந்த அவர் ரியர் அட்மிரல் சிம்ஸ். முதல் உலகப்போரில் அமெரிக்கா இன்னும் சேரவில்லை; பிரிட்டனுடன் இரகசியமாகக் கலந்துபேசவே இந்தப் பயணம். கிளம்பும் முன், பிரிட்டிஷாரின் பேச்சுக்கு மயங்கிவிட வேண்டாம் என்று கடற்படை நடவடிக்கைத் தலைவர் அட்மிரல் பென்சன் எச்சரித்ததாகச் சிம்ஸ் பிறகு சாட்சியம் சொன்னார். ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. ஏப்ரல் 9 அன்று லிவர்பூலை நெருங்கும்போது அவருடைய கப்பல் கண்ணிவெடியில் மோதியது, உயிர்தப்பி இறங்கினார்.

மறுநாள் லண்டனில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜெலிகோ ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களின் கணக்கு: பிப்ரவரியில் 5,36,000 டன், மார்ச்சில் 6,03,000 டன், ஏப்ரல் போகிற போக்கில் 9 இலட்சம் டன்னை எட்டக்கூடும். நாளேடுகள் வெளியிட்டதைவிட இது பல மடங்கு. இப்படியே போனால் இலையுதிர்காலத்துக்கு மேல் பிரிட்டன் தாங்காது. தீர்வு எதுவும் கண்ணில் தெரியவில்லை என்று ஜெலிகோ அமைதியாகச் சொன்னதாகச் சிம்ஸ் எழுதியிருக்கிறார்.

வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, காவலுடன் அனுப்பும் கான்வாய் முறை பழையதுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அதை ஏற்கத் தயங்கியது. வெவ்வேறு வேகமுள்ள கப்பல்கள் ஒழுங்காக அணிவகுக்காது, கூட்டமாகப் போனால் எதிரிக்கு வசதி, துறைமுகங்கள் திணறும் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. முக்கியமான தடையோ ஒரு புள்ளிவிவரம். வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வருகின்றன, அதே அளவு போகின்றன என்று பிரிட்டன் உலகுக்கு அறிவித்துவந்தது. இத்தனை கப்பலுக்குக் காவல் கொடுக்க எங்கே போவது? கமாண்டர் ரெஜினால்ட் ஹெண்டர்சன் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். கரையோரம் ஊர் ஊராகப் போகும் சிறு படகுகள்கூட அதில் சேர்க்கப்பட்டிருந்தன. பெருங்கடல் தாண்டி வரும் கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான். எதிரியை ஏமாற்ற வெளியிட்ட எண் சொந்தத் தலைமையகத்தையே ஏமாற்றியிருந்தது.

ஏப்ரல் இறுதியில் முடிவு மாறியது; மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து முதல் சோதனைக் கான்வாய் கிளம்பியது. யாருக்குப் புகழ் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்தில்லை. ஹெண்டர்சன், பிரதமர் லாய்ட் ஜார்ஜ், கடற்படைத் தலைமையின் அதிகாரிகள் எல்லோருக்கும் பங்குண்டு. சிம்ஸின் தனிப்பங்கு வேறிடத்தில் இருக்கிறது: காவலுக்கு வேண்டிய நாசகாரிகளை அனுப்பும்படி வாஷிங்டனை அவர் விடாமல் நெருக்கினார். மே 4 அன்று ஜோசப் டாசிக் தலைமையில் முதல் ஆறு நாசகாரிகள் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தை அடைந்தன. கோடை முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டவை வந்துசேர்ந்தன. ஜூலையில் அமெரிக்கா பெரிய போர்க்கப்பல் கட்டும் வேலையை ஒத்திவைத்து நாசகாரிகளுக்கு முதலிடம் கொடுத்தது. கடல் தாண்டும் கான்வாய்களில் வந்த கப்பல்களில் மூழ்கியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

குயின்ஸ்டவுனில் அமெரிக்கக் கப்பல்களை அவர் பிரிட்டிஷ் அட்மிரல் லூயிஸ் பெய்லியின் கட்டளைக்குக் கீழ் விட்டார். தேசியப் பெருமையைவிடக் காவல் முக்கியம் என்பது அவர் நிலை. பெய்லி விடுப்பில் போனபோது, ஜூன் மாதம் சில நாட்கள் அத்தளத்தின் முழுத் தலைமையும் சிம்ஸிடம் இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை மன்றத்தில் கௌரவ உறுப்பினராக அவரைச் சேர்க்க வந்த அழைப்பை வாஷிங்டன் மறுத்துவிட்டது. சிம்ஸ் பிரிட்டிஷாரின் ஆளாகிவிட்டார் என்ற ஐயம் அங்கே வேரூன்றியிருந்தது. போர் முடியும்போது ஐரோப்பியக் கடலில் சுமார் 370 கப்பல்களும் 70,000க்கும் மேற்பட்ட மாலுமிகளும் அவர் பொறுப்பில் இருந்தனர்.

1920: எண்ணிக்கை கைவிட்ட இடம்

1918 டிசம்பரில் முழு அட்மிரல் ஆன சிம்ஸ், மறு ஆண்டு ரியர் அட்மிரல் தரத்துக்கே திரும்பிப் போர்க் கல்லூரித் தலைவரானார். 1919 டிசம்பரில் கடற்படைச் செயலர் ஜோசப்பஸ் டேனியல்ஸ் வெளியிட்ட விருதுப் பட்டியலில் தகுதியானவர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்று குமுறி, தமக்கு வந்த பதக்கத்தைச் சிம்ஸ் மறுத்தார். 1920 ஜனவரி 7 அன்று டேனியல்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். போர் தொடங்கியபோது துறையிடம் திட்டம் இல்லை, களத்தில் இருந்தவரின் பேச்சைக் கேட்கவில்லை, மாதக்கணக்கில் தாமதித்தது. இந்தத் தாமதத்தால் நேசநாடுகள் ஐந்து இலட்சம் உயிர்களையும் 1,500 கோடி டாலரையும் இழந்தன என்பது அவர் தரப்புக் கணக்கு.

மார்ச் முதல் மே வரை செனட் துணைக்குழு விசாரித்தது. சிம்ஸ் கேட்டது ஒரு அமைப்பு மாற்றம்: பீரோக்களுக்கு மேல் நின்று போர்த் திட்டமிடும் அதிகாரமுள்ள தலைமைக்குழு. ஆனால் விசாரணை முழுவதும் பேசப்பட்டது டேனியல்ஸ் திறமையற்றவரா, சிம்ஸ் பிரிட்டிஷ் பித்தரா என்பதே. டேனியல்ஸ் தரப்பிலும் நியாயம் இருந்தது. அமெரிக்கப் படைகளைப் பிரான்சுக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களைக் காப்பதும், சொந்தக் கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அந்தச் சுமை லண்டனில் இருந்தவருக்கு இல்லை. குழுவின் அறிக்கை கட்சிவாரியாகப் பிரிந்தது. குடியரசுக் கட்சியினர் சிம்ஸையும் ஜனநாயகக் கட்சியினர் டேனியல்ஸையும் ஆதரித்தனர். எதுவும் மாறவில்லை.

நடந்திராத ஒன்றின் இழப்பை மதிப்பிடும் எண் அந்த ஐந்து இலட்சம் உயிர். நாசகாரிகள் முன்பே வந்திருந்தால் எத்தனை கப்பல் பிழைத்திருக்கும் என்பதை எந்தத் திரையிலும் எண்ண முடியாது. குறிப்பயிற்சிச் சண்டையில் எதிராளியின் வாயை அடைத்த அதே ஆயுதத்தைச் சிம்ஸ் மறுபடி கையிலெடுத்தார். இம்முறை அதில் முனை இல்லை. மேலும், தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் ரூஸ்வெல்ட் இல்லை. தேர்தல் ஆண்டில் அமர்ந்த ஒரு செனட் குழு இருந்தது.

கல்லூரியின் கடைசி ஆண்டுகள்

போர்க்காலம் பற்றிய அவருடைய நூலுக்கு 1921இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 1922இல் ஓய்வுபெறும்வரை நியூபோர்ட் போர்க் கல்லூரியில் போர்விளையாட்டுகளை அவர் ஊக்குவித்தார். அந்த ஆட்டத்தளத்தில் விமானந்தாங்கிகள் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் முழுதும் பெரும்பீரங்கிக்காக வாதிட்டவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1925இல் விமானப் படை குறித்து ஆராய்ந்த மாரோ குழுவின் முன், வேகமான விமானந்தாங்கியே வருங்காலத்தின் தலையாய கப்பல் என்று சாட்சியம் அளித்தார். 1930இல் அட்மிரல் பட்டம் திரும்பக் கிடைத்தது. 1936 செப்டம்பரில் பாஸ்டனில் காலமானார். அவர் பெயர் தாங்கிய நாசகாரி, 1942 மே மாதம் பவளக்கடல் போரில் ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

முடிவுரை

சிம்ஸைத் தனிமனிதச் சாகசக்காரராகப் பார்ப்பவர்கள், அவர் விதிகளை மீறியதால் வென்றார் என்று சொல்லக்கூடும். அவர் 1901இல் மீறினார், வென்றார். 1910இல் மீறினார், கண்டனம் பெற்றார். 1920இல் மீறினார், தோற்றார். மீறல் மூன்றிலும் உண்டு. எனவே வேறுபாட்டுக்கு அது காரணமாக முடியாது.

குறிப்பயிற்சியில் சான்று எண்ணக்கூடியதாக இருந்தது, அதை ஏற்றுக் கட்டளையிட அதிகாரமும் இருந்தது. கப்பல் வடிவமைப்பில் ஆதரவு இருந்தது, சான்று பாதிதான் தெளிவாக இருந்தது. கான்வாயில் ஹெண்டர்சன் பிரித்துக் காட்டிய எண்ணிக்கையும் போரின் நெருக்கடியும் கைகொடுத்தன. நாசகாரி அணியில் சான்று திரட்டுபவரும் முடிவெடுப்பவரும் ஒரே மேசையில் இருந்தனர். நிர்வாகச் சீர்திருத்தத்தில் இரண்டுமே இல்லை. 1842இல் பிறந்த பீரோக்கள் சிம்ஸுக்குப் பின் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1966இல்தான் பெரும்பாலும் கலைக்கப்பட்டன.

படை ஒன்றின் உள்ளிருந்து எழும் குறைகளை விசாரிக்க, குறைக்குக் காரணமானவரல்லாத ஒருவர் வேண்டும் என்பதே சிம்ஸ் இருபது ஆண்டுகள் சொன்னதன் சாரம். அந்த அமைப்பு இல்லாத காலத்தில் அதன் இடத்தை ரூஸ்வெல்ட் என்ற தனிமனிதர் நிரப்பினார். அவர் போனதும் இடம் காலியானது. சிம்ஸ் கண்ட வெற்றிகளும் பட்ட தோல்விகளும், அவர் கேட்ட சீர்திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அவர் எழுதிய எந்தக் கடிதத்தையும்விட உறுதியான சான்று.